ஹீற்றர் தொழிற்சாலையில் ஒரு குளிர்காலம்

நான் அவுஸ்திரேலியாவில் செய்த முதல் வேலை ஹீற்றர் பூட்டுவது. டண்டினொங் என்ற புறநகரில் ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே நீண்ட மேசைகள். மேசைகளின் இருபுறமும் பெண்கள் நாங்கள் நின்று, வீடுகளுக்குப் போகும் மின்சார ஹீற்றர்களைப் பகுதி பகுதியாகப் பூட்டுவோம். வளைந்த பளபளப்பான தகடு, அதற்கு முன்னால் கம்பி சுற்றிய வெள்ளைக் குழாய், அதற்கும் முன்னால் பிள்ளைகள் கைவைக்காதபடி ஒரு வலை. குழாயைத் தகட்டில் வைத்து இரண்டு பக்கமும் திருகாணி இறுக்குவது என் பங்கு. நாள் முழுவதும் மற்றவர்களின் வீட்டைச் சூடாக்கும் சாமானைக் கையில் வைத்திருந்தோம். எங்கள் கொட்டகையில் மட்டும் ஹீற்றர் கிடையாது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. கிளேட்டனில் இருந்த பல்கலைக்கழகத்தில் என் கணவருக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தோம். மார்ச் மாதம் வந்து இறங்கியபோது வெயில் நன்றாகவே எறித்தது. குளிர் நாடு என்று எல்லாரும் பயமுறுத்தினார்களே என்று இரண்டு பேரும் சிரித்தோம். ஜூன் பிறந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்வளவில் இருந்த பலகை அறையில். அங்கே அதைப் பங்களோ என்பார்கள். எங்கள் ஊரில் பங்களா என்றால் துரைமார் இருக்கும் வீடு. அதனால் விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்த என் கணவர் நிறைய எதிர்பார்த்துக்கொண்டு போயிருந்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு கதிரைகள், மூலையில் குசினி என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு தட்டு. பலகைகளுக்கு நடுவால் காற்று தாராளமாக வரும். வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், தனி ஆள். நாங்கள் குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்:

"இங்கே ஓடுவது பழைய வயர். லைட் போடலாம், தண்ணீர் கொதிக்கக் கேத்தல் போடலாம். ஹீற்றர் போட்டால் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் அடுப்பும் கூடாது."

குளிர் இறுகியதும் என் கணவர் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் அலுவலகத்தில் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"வாடகைக்கு விடுறவர் ஹீற்றர் குடுக்கத்தான் வேணுமெண்டு ஒரு சட்டமும் இல்லையாம். கூரை ஒழுகக் கூடாது, தண்ணி வர வேணும். அவ்வளவுதான்."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?"

"இன்னொரு கம்பளி வாங்குவம்," என்றார்.

வாங்கினோம். பழைய உடுப்பு விற்கும் தருமக் கடையில் எனக்கு ஒரு ஆண்கள் ஓவர்கோட்டும் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு படுப்பேன். இன்றைக்கு விக்டோரியாவில் வாடகை வீட்டில் ஹீற்றர் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்தச் செய்தியை என் மகள் தொலைபேசியில் சொன்னபோது, "இவ்வளவு நாளும் இல்லையா அம்மா?" என்று அவள் வியந்தாள். எனக்கு அந்தப் பலகைச் சுவர்தான் கண்முன் வந்தது.

காலையில் ரயிலில் வேலைக்குப் போவேன். சிவப்பு ரயில் வந்தால் வெளியே நிற்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான். நீல ரயில் வந்தால் கொஞ்சம் கணகணப்பு இருக்கும். நீலம் வருகிறதா என்று தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பதில்தான் என் காலை தொடங்கும். டண்டினொங்கில் இறங்கி நடந்து கொட்டகைக்குள் நுழைந்தால், வெளியில் இருந்ததைவிட உள்ளே குளிர் கூடுதலாக இருக்கும். இரவு முழுவதும் தகரம் குடித்த குளிரைப் பகலில் எங்கள் மேல் இறக்கும். நிலம் சீமெந்து. சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டும் பாதம் மரக்கட்டையாகிவிடும். ஸ்குரூ ட்றைவரைத் தொட்டால் ஐஸ் கட்டி. திருகாணி விரலில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கால்விரல்கள் சிவந்து வீங்கி, இரவில் கம்பளிக்குள் சூடேறியதும் தாங்க முடியாமல் அரித்துக் கடிக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. வெயில் தேசத்தில் பிறந்த உடம்பு, அதுதான் தாங்குதில்லை, மற்றவர்களுக்கு இப்படி இராது என்று நினைத்திருந்தேன். குறை என்னிடம் என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

என் பக்கத்தில் நின்று வேலைசெய்தவர் ஒரு கிரேக்கப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை, எனக்குப் புத்தக ஆங்கிலம். ஆனால் இரண்டு பேரும் நிறையக் கதைத்தோம். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. ஒருநாள் என்னையறியாமல் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். அது என்ன என்று கேட்டார். மூத்த சகோதரி என்று விளக்கினேன். அவருக்கு அது நிரம்பப் பிடித்துப்போய், என்னையும் "அக்கா" என்றே கூப்பிடத் தொடங்கினார். இளையவளை அப்படிக் கூப்பிடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. சில கிழமைக்குள் மேசை முழுவதும் நான் அக்கா. எங்களை மேற்பார்வை செய்த போர்மனுக்கும் அக்கா. அதுதான் என் பெயர் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

ஒருநாள் நான் ஒற்றைக்காலை மாறி மாறித் தூக்கிக்கொண்டு நிற்பதை அவர் கண்டுவிட்டார். பொதிசெய்யும் பக்கம் போய், ஹீற்றர் போடும் மட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, மிதித்துத் தட்டையாக்கி என் காலுக்குக் கீழே போட்டார். அதன் மேல் இன்னொன்று. சீமெந்துக் குளிர் அப்படியே விட்டுப்போனது.

"எங்களுடைய ஊரில் குளிர் இல்லை, அதனால்தான் எனக்கு..." என்று நான் இழுத்தேன்.

அவர் சிரித்தார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: "என் ஊர் மலை. பனி விழும், கதவு வரை. அங்கே எனக்குக் குளிர் இல்லை. இங்கே குளிர். நீ நல்லம் அக்கா. உன் கால் நல்லம். இந்தக் கூரை கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பனி மலையில் பிறந்தவருக்கும் இங்கே விரல் விறைக்கிறது என்றால், பிழை என் உடம்பில் இல்லையே.

யூனியனுக்காகப் பேசுகிறவர் பொதிசெய்யும் பக்கத்தில் வேலைசெய்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரப் பெண். உயரமானவர், இடி போன்ற குரல். என் காலடியில் மட்டையைக் கண்டதும் நின்றார். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து எல்லாருடைய காலடியையும் பார்த்துக்கொண்டு போனார். ஏறக்குறைய எல்லாரும் எதையோ போட்டிருந்தார்கள்: மட்டை, சாக்கு, பழைய கால்மிதி. மதியச் சாப்பாட்டு நேரம் அவர் கதிரையில் இராமல் நின்றுகொண்டு பேசினார்.

"தொழிற்சாலையில் வேலைசெய்கிறவர்களுக்குப் போதிய சூடு கொடுக்க வேண்டும். அது முதலாளி காட்டுகிற இரக்கமில்லை, சட்டம். அதைப் பார்ப்பதற்கென்று அரசாங்கத்தில் இன்ஸ்பெக்டர் இருக்கிறார். நான் அவரைக் கூப்பிடப் போகிறேன். அவர் கேட்டால் உண்மையைச் சொல்வீர்களா?"

எல்லாரும் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்கள். நானும் என் பாண் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். எல்லாருக்கும் வேலை வேண்டியிருந்தது. சட்டம் எங்களுக்காகவும் எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்து எங்களுக்குப் பழக்கமில்லை.

இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் பயந்துவிட்டார்.

"இஞ்சரும், நாங்கள் படிக்க வந்த ஆக்கள். விசாவிலை நிக்கிறம். உந்த யூனியன் விசயத்திலை வாயைத் திறக்காதையும்."

"இன்ஸ்பெக்டர் நேரை என்னட்டைக் கேட்டா?"

சோற்றைப் பிசைந்த அவர் கை நின்றுபோய் இருந்தது.

"கேட்டா... பொய்யும் சொல்ல வேண்டாம்," என்றார்.

அடுத்த கிழமை ஒரு காலை நாங்கள் உள்ளே நுழைந்தபோது கொட்டகை சூடாக இருந்தது. எங்கள் கண்களையே நம்ப முடியவில்லை. மேசைகளின் இரு பக்கமும், சுவர் ஓரமும், கடைக்குப் போகத் தயாராக இருந்த ஹீற்றர்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து எரியவிட்டிருந்தார்கள். எங்கும் செக்கச்செவேலென்ற வெளிச்சம். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பது எப்படியோ மேலிடத்தின் காதில் விழுந்திருந்தது. போர்மன் யார் முகத்தையும் பாராமல் அங்குமிங்கும் நடந்தார். கிரேக்க அக்கா முதல் வேலையாகக் கையுறையைக் கழற்றினார். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. ஒருநாள் என்றாலும் சூடு சூடுதானே.

இன்ஸ்பெக்டர் வந்தார். மழைக்கோட்டுப் போட்ட, நடுத்தர வயதான, சத்தமில்லாமல் பேசும் மனிதர். ஒரு வெப்பமானியை எடுத்து, ஹீற்றர்களுக்குப் பக்கத்தில் வைக்காமல் நாங்கள் நிற்கும் இடத்தில், மேசைக்குப் பக்கத்தில் இருந்த தூணில் தொங்கவிட்டார். மேலிடத்து ஆள் ஒருவர் அவருக்குப் பக்கத்திலேயே நின்று, இடத்தின் அளவையும் கதவுகளையும் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் படீரென்று ஒரு சத்தம். ஹீற்றர்கள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. விளக்குகளும் போயின. இத்தனை ஹீற்றரை இழுக்கிற பலம் அந்தப் பழைய பியூஸுக்கு இருக்கவில்லை.

இருட்டில் யாரோ சிரித்தார்கள். ஸ்கொட்லாந்துக்காரப் பெண்தான் என்று இப்போதும் நம்புகிறேன்.

மேலிடத்து ஆள் பியூஸ் மாற்ற ஆள் தேடி ஓடினார். இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை. பெரிய கதவைத் திறந்து வெளிச்சம் விட்டார்கள். திறந்த கதவால் குளிரும் வந்தது. தகரக் கொட்டகை சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாதது. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் மறுபடி கோட்டைப் போட்டுக்கொண்டோம். அவர் எங்கள் மேசை ஓரமாக நடந்து வந்தார். என் ஸ்குரூ ட்றைவரைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு குனிந்து என் காலடியைப் பார்த்தார்.

"இந்த மட்டை எதற்கு?"

"குளிருக்கு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இந்த ஹீற்றர்கள் ஒவ்வொரு நாளும் இங்கே இருக்குமா?"

போர்மன் எனக்கு நேர் எதிரே நின்றார். மேசை முழுவதும் கை ஓய்ந்தது. விசா ஞாபகம் வந்தது, வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி நின்ற கணவரின் கை ஞாபகம் வந்தது. கிரேக்க அக்கா மேசைக்குக் கீழே என் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை. இன்றைக்கு மட்டும்தான்," என்றேன்.

அதற்குப் பிறகு மடை திறந்ததுபோல் ஆனது. "இன்றைக்கு மட்டும்தான்" என்று கிரேக்க அக்கா உரக்கச் சொன்னார். மேசையின் மறுபக்கத்தில் ஒருவர் தன் வீங்கிய விரலைக் காட்டினார். இன்னொருவர் சப்பாத்தையே கழற்றப் போனார். எல்லாரும் ஒரே நேரத்தில் ஏழெட்டு விதமான ஆங்கிலத்தில் பேச, இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் உயர்த்தி, "ஒவ்வொருவராக, நான் எங்கேயும் போகவில்லை," என்றார். உண்மையிலேயே போகவில்லை. எல்லாரையும் கேட்டு முடிக்கும் வரை நின்றார்.

அவர் போன பிறகு போர்மன் என்னிடம் வந்தார். சரி, கதை முடிந்தது, நாளைக்கு வேறு வேலை தேட வேண்டும் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றார். "நீ உண்மையைத்தான் சொன்னாய்."

நான் ஸ்குரூ ட்றைவரைக் கீழே வைத்தேன்.

"நான் நிற்கிற இடமும் குளிர்தான், தெரியுமா? நான் மேலே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். செலவு, செலவு என்றார்கள். இனி நான் கேட்கத் தேவையில்லை." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அன்று காலை அந்த ஹீற்றர்களை எடுத்து வைத்த கைகளும் அவருடையவைதான். அதை அவர் விரும்பிச் செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சட்டப்படி கொட்டகையைச் சூடாக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேலை உடனே நடக்கவில்லை. அதுவரைக்கும் காலையிலும் மாலையிலும் தேநீர் அறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்து குளிர்காய விட்டார்கள். பிறகு ஆட்கள் ஏணியோடு வந்து, கூரையிலிருந்து வாயுவில் எரியும் பெரிய ஹீற்றர்களைத் தொங்கவிட்டார்கள். முதல்நாள் அவை எரிந்தபோது எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். கிரேக்க அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்கொட்லாந்துக்காரப் பெண் மட்டும், "என்ன பார்க்கிறீர்கள்? இது உங்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது," என்று அதட்டினார். அவர் அதட்டலில் பாதி சந்தோசம் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. எந்தக் காலத்தில், எந்தப் பட்டறையில், யாருடைய விரல் விறைத்ததைக் கண்டு எழுதினார்களோ. கடல் கடந்து வந்த ஒரு பெண் அதன் கீழ் நின்று குளிர்காய்வாள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களையும் நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. வேலையை விட்டு நிற்க வேண்டி வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு தேநீர் நேரத்தில் பேச்சுவாக்கில், "வேலைத்தலத்துச் சூட்டை விட்டுப் போகத்தான் கவலை," என்று சொல்லியிருந்தேன். வீட்டில் சூடில்லையா என்று கேட்டார்கள். பலகை அறையைப் பற்றிச் சொன்னேன். அங்கே இன்ஸ்பெக்டர் வரமாட்டாரா என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்குச் சட்டமில்லை என்றேன். அத்தோடு நான் அதை மறந்துவிட்டேன்.

கடைசி நாள் மாலை வாசலில் போர்மன் ஒரு பெட்டியோடு நின்றார்.

"பின்தகடு நெளிந்துவிட்டது. விற்க முடியாது. கொண்டு போ," என்று கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். உள்ளே ஒரு புது ஹீற்றர். பின்பக்கம் ஒரு நெளிவு, சப்பாத்து நுனி அளவில். கிரேக்க அக்கா என் காதுக்குள், "நான் பார்த்தேன். அவர்தான் உதைத்தார்," என்றார்.

ஹீற்றரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய வயரில் அதைப் போட முடியாது. என் கணவர் கடைசியில் எழுந்தார்.

"நான் போய் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாக்கிறன்."

"சட்டமில்லை எண்டு சொல்லுவார்."

"சட்டமில்லைத்தான். கேக்கிறதுக்கு என்ன?"

வீட்டுக்காரர் அவரோடேயே வந்தார். கதவில் நின்று ஹீற்றரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "இந்த வயரில் இதைப் போட்டால் என் வீடும் சேர்ந்து எரியும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ஒரு மின்சாரக்காரர் வந்து வாசலில் நின்றார். பெரிய வீட்டிலிருந்து புது வயர் இழுத்து, புதுப் பிளக் போட்டார். வாடகை கூடப் போகிறது என்று காத்திருந்தோம், கூடவில்லை. என் கணவர் நன்றி சொல்லப் போனபோது, "என் பலகை எரியாமல் இருக்கத்தான் செய்தேன்," என்றாராம். மறுநாள் பார்த்தால், பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை வெளிப்பக்கமாக நின்று அடைத்துக்கொண்டிருந்தார்.

மகள் பிறந்தது ஜூலையில். ஊரில் இருந்து உதவிக்கு யாரும் வர முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிரேக்க அக்கா வந்தார். ரயிலில் வந்து, நடந்து, ரவையில் செய்த இனிப்பை ஒரு துணியில் கட்டிக்கொண்டு வருவார். வந்ததும் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவார். என்னைப் படுக்கச் சொல்வார். நான் மல்லித்தண்ணி வைத்துக் கொடுத்தால், முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதும் குடிப்பார்.

ஒரு சனிக்கிழமை நான் நித்திரையால் எழும்பிப் பார்த்தபோது, பிள்ளை அவர் மடியில் கிடந்தது. அவர் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, கால் இரண்டையும் ஹீற்றருக்கு நேரே நீட்டி, கதிரையில் சாய்ந்தபடியே நித்திரையாகிவிட்டார். நான் எழுப்பவில்லை. மெதுவாகப் பிள்ளையை எடுத்துக்கொண்டு, என் ஓவர்கோட்டை அவர் மேல் போர்த்திவிட்டேன்.